அறுபதுக்குப் பின்னும் நூலக அட்டை: உயர்கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
செயலாளர்,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் சங்கம்,
மாவட்டக் கிளை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு நூலக உரிமை, மூத்த குடிமக்களுக்கு உயர்கல்வி வாய்ப்பு – ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் பொதுக்குழுவின் தீர்மானப்படி இம்மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: நாங்கள் மறுபணி நியமனம் கேட்டு வரவில்லை. நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்ற எங்கள் மாணவர்களே கௌரவ விரிவுரையாளர்களாக ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருக்கையில் அந்த நாற்காலியை நாங்கள் கேட்பது முறையல்ல. 2022இல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கலந்தாய்வு வரை வந்துவிட்டு, இடத்தை இளைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துத் திரும்பினார். எங்கள் நிலைப்பாடும் அதுவே. கீழே கேட்டிருப்பவை எவருடைய இடத்தையும் பறிக்காதவை. பெரும்பாலும் அரசுக்குச் செலவும் வைக்காதவை.

ஓய்வு பெறும் மாதத்தில் ஆசிரியர் ஒருவர் நிலுவையின்மைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகம், விடுதி, அலுவலகம் என ஒவ்வோர் இடமாகக் கையொப்பம் வாங்குகிறார். நூலகத்தில் அட்டையை ஒப்படைத்தால்தான் கையொப்பம். அது இல்லாமல் ஓய்வூதியக் கருத்துரு நகராது. இரவல் வாங்கிய நூல் திரும்பத்தான் வேண்டும். அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அட்டையோடு மின்னிதழ்களுக்கான கடவுச்சொல்லும் போய்விடுகிறது. பிறகு ஏதேனும் ஒரு நூலைப் பார்க்க வந்தால் அதே வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் பெயரும் வந்த காரணமும் எழுத வேண்டும். ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் 2025 முதல் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. இதற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் மக்கள் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு இவற்றில் ஒரு கட்டுரையைத் திறக்கவும் வழியில்லை.

எனவே ஓய்வுபெற்ற ஆசிரியர் வசிக்கும் ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் அவருக்கு வாழ்நாள் நூலக அட்டை வழங்க வேண்டும். வீட்டிலிருந்தே மின்னிதழ் பார்க்கும் வசதியைக் கேட்டால் பதிப்பகங்களுடனான ஒப்பந்தம் குறுக்கே வரலாம். நூலகக் கணினியில் அமர்ந்து படிக்க அனுமதித்தாலே போதும்.

இரண்டாவது கோரிக்கை ஆய்வு நெறியாளர்கள் பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள், ஓய்வுபெற்ற நெறியாளர் ஏற்கெனவே பதிவுசெய்த தம் மாணவருக்கு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடர இடமளிக்கின்றன. இது அலுவலக மேசைகளை இன்னும் எட்டவில்லை போலும். நெறியாளர் ஓய்வு பெற்றதும், ஆய்வைப் பாதி எழுதிய மாணவர் புதிய நெறியாளரைத் தேடி அலைவதைப் பார்த்துவருகிறோம். விதியைச் சுட்டிக்காட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இது தீரும். அதேபோல் வட்டெழுத்து வாசிக்கவும், ஓலைச்சுவடி படியெடுக்கவும், உலர்த்திய தாவர மாதிரியைக் கண்டு பெயர் சொல்லவும் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். இத்துறைகளில் சனிக்கிழமைதோறும் வகுப்பெடுக்க எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக உள்ளனர். ஊதியம் வேண்டாம், பயணப்படி மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்தது, ஆசிரியர் அல்லாத மூத்தவர்கள் பற்றியது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பாட்னாவின் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2017இல் முதியவர் ஒருவர் தம் 98ஆம் வயதில் பொருளாதார முதுகலையில் தேறினார். இங்கோ விண்ணப்பத்திலேயே தடுக்கி விழ வேண்டியிருக்கிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி வருமுன் படித்தவர்களிடம் இருப்பது பதினோராம் வகுப்பு எஸ்எஸ்எல்சியும் பியூசி எனும் புகுமுக வகுப்புச் சான்றும்தான். இணைய விண்ணப்பமோ பிளஸ் டூ பதிவெண்ணைக் கேட்டு நிற்கிறது. தொலைநிலைப் படிப்புக்கு 2024 முதல் ஏபிசி (கல்வி மதிப்பலகு வங்கி) எண்ணும் டெப் (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண்ணும் கட்டாயம். இரண்டுக்கும் அடிப்படை ஆதார். பெண்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. பேரன் வந்து கைபேசியில் முயன்றாலும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்றே வருகிறது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கற்போர் உதவி மையங்களில் மூத்தோருக்கென ஓர் உதவியாளரை அமர்த்த வேண்டும். பெயர் வேறுபாட்டை உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் ஏற்க வேண்டும். அறுபது கடந்தோருக்குக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்யவும், எழுபது கடந்தோருக்குத் தரைத்தளத் தேர்வறையும் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் தரவும் வேண்டுகிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தக் கூடுதல் நேரம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது.

பட்டமே வேண்டாம், பாடம் கேட்டால் போதும் என்போரும் நிறைய இருக்கிறார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் இத்தகையோருக்கென்றே ஒரு பல்கலைக்கழக ஏற்பாடு தொடங்கி, பல நாடுகளுக்கும் பரவியது. நாம் தனிக் கட்டடம் கட்டத் தேவையில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் இடமிருக்கும் வகுப்புகளில் துறைத்தலைவர் இசைவுடன், தேர்வோ வருகைப் பதிவோ இன்றிப் மூத்தோர் பின்வரிசையில் அமர அனுமதிக்கும் அதிகாரத்தை முதல்வர்களுக்கு வழங்கினால் போதும். மாணவர்கள் சங்கடப்படுவார்கள் என்ற அச்சம் எங்களில் சிலருக்கே உண்டு. எனவே முதலில் ஒரு பருவம் மட்டும், மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில் முயன்று பார்க்கலாம்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்புக்கு முன் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். தாங்கள் நாள் குறித்தால் எங்கள் குழு நேரில் வந்து விளக்கும். எங்களில் சிலருக்கு மூட்டுவலி உள்ளதால், அந்தச் சந்திப்பையும் தரைத்தளத்திலோ மின்தூக்கி உள்ள கட்டடத்திலோ வைத்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்கள், துணைவேந்தர் அவர்கள், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.