ரான்சிஸ்ரருக்கு ஆன்மா இல்லையாம்!

"ரான்சிஸ்ரர் அம்பிளிபயருக்கு ஆன்மா இல்லை." எங்களில் கிற்றாரைத் தொட்ட எவரும் இந்த வாசகத்தை ஒருமுறையாவது கேட்டிருப்போம். சொல்பவர் அனேகமாக ஒரு கடைக்காரராக இருப்பார். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டுவந்த நண்பராக இருப்பார். வால்வு எரிகிற அம்பிளிபயரில் வருவதுதான் ஒலி, மற்றதெல்லாம் தகரம். இதுதான் வேதம். கேள்வி கேட்டால் செவிடன் என்ற பட்டம்.

எங்கள் வாத்தியக் குழுவில் ஒரு பெடியன் இருந்தான். லண்டனின் ஓரத்தில் ஐந்தாம் மாடியில் வீடு. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். எழுபதுகளில் செய்யப்பட்ட ரான்சிஸ்ரர் அம்பிளிபயர் ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் சொற்ப காசுக்கு வாங்கியிருந்தான். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று மூன்று வருடம் அதோடுதான் வந்தான். ஒருநாள் கடையொன்றில் அதைப் பற்றிச் சொன்னபோது விற்பனையாளர் சிரித்தாராம். அதில் எங்களுக்கு வியப்பில்லை. விற்பவர் சிரிக்கத்தான் செய்வார். அவன் வந்து அதைச் சொன்னபோது நாங்களும் சிரித்தோம். அதுதான் வெட்கம்.

அவன் அதை விற்றான். கடன்பட்டு வால்வு அம்பிளிபயர் வாங்கினான். சத்தத்தைக் கூட்டினால்தான் அது வாய் திறக்கும். அந்த வீட்டில் கூட்ட முடியாது. லிஃப்ற் பழுதான நாட்களில் ஐந்து மாடிக்கும் தூக்கவும் முடியாது. ஒரு வருடத்தில் கிற்றாரைச் சுவரில் மாட்டினான். இன்றுவரை எடுக்கவில்லை.

வால்வுக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். வால்வைத் தாங்கும் அளவுக்கு மேல் உந்தினால் ஒலியலையின் முனை மெல்ல வளைகிறது. அந்தத் தேய்வு காதுக்கு இதமானது. ரான்சிஸ்ரர் அப்படி வளையாது. எல்லை வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல் முனை அறுபடும். அது கரகரக்கும். 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த இந்தச் சிறு பொருள் அறுபதுகளின் நடுவில் கிற்றார்ப் பெட்டிகளுக்குள் நுழைந்தபோது அடியும் பட்டது. சூடேறினால் எரிந்தது, ஸ்பீக்கர் வயர் முட்டிக்கொண்டால் எரிந்தது. ஃபென்டர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த ரான்சிஸ்ரர் வரிசையைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. கெட்ட பெயர் அன்று வந்தது. காரணம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் ரான்சிஸ்ரர் ஏன் வால்வைப்போல் தேய வேண்டும்? அதன் வலிமையே தேயாமல் நிற்பதுதானே! 1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜேசி-120ஐப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் 60 வொற் அம்பிளிபயர் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கோரஸை இயக்கினால் ஒரு ஸ்பீக்கரில் கிற்றார் உள்ளபடி வரும். மற்றதில் சற்றே தாமதித்து, சுருதி மெல்ல அசைந்து வரும். இரண்டும் கலப்பது வயரில் அல்ல, அறையின் காற்றில். த பொலிஸ் குழுவின் அன்டி சமர்ஸும் த கியூர் குழுவின் ரொபேட் ஸ்மித்தும் இதைத் தேடிப் போனது வால்வு வாங்க வக்கில்லாமலா?

ஆன்மா என்ற சொல்லுக்கே வருவோம். மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்த பி.பி.கிங் நெடுங்காலம் தன் 'லூசில்'லைச் செருகியது லாப் சீரிஸ் எல்-5இல். எழுபதுகளின் கடைசியில் வந்த ரான்சிஸ்ரர் பெட்டி அது. அவரிடம் போய் ஆன்மாவைப் பற்றிப் பாடம் எடுப்பார்களா? ஜாஸ் மேதை ஜோ பாஸ் வாசித்தது பொலிரோனில். அதுவும் ரான்சிஸ்ரர்தான். எசெக்ஸின் கான்வே தீவிலிருந்து வந்த வில்கோ ஜோன்சன் தன் வெட்டுக்கத்தி வாசிப்பை எச்எச் பெட்டி ஒன்றின் வழியாகத்தான் உலகுக்குத் தந்தார். அந்தக் கூர்மைக்குத் தேய்கிற ஒலி உதவாது.

நாங்கள் மேடைகளில் வாசிப்பது என்ன? பெரும்பாலும் எண்பதுகளின் திரைப்பாடல்கள். அவற்றில் எங்களுக்குத் தேவைப்படுவது சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கும் தெளிந்த ஒலி. அதைத்தான் அந்தப் பெடியனின் பெட்டி தந்துகொண்டிருந்தது, குறைந்த சத்தத்திலும்.

இன்னொன்று. பழைய ரான்சிஸ்ரர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். பற்றவைக்கும் கோல் பிடிக்கத் தெரிந்தவன் கழற்றி மாட்டலாம். இரைந்தால் காய்ந்துபோன கொள்ளளவியை மாற்றினால் போதும். குமிழ் கரகரத்தால் துப்புரவுத் திரவம் ஒரு விசிறல். (மின்சாரத்தைக் கழற்றி, மின்தேக்கிகளை வெறுமையாக்கிய பிறகு!) இன்றைய டிஜிற்றல் பெட்டிகள் பலவற்றில் பழுதென்றால் முழுப் பலகையும் குப்பைக்குத்தான். திருத்தக்கூடிய பொருளுக்குச் சொந்தக்காரனாக இருப்பது ஒரு சுதந்திரம். அது கடைக்காரருக்குப் பிடிக்காத சுதந்திரம்.

இப்போது காற்று திரும்புகிறது. நேற்றுவரை தகரம் என்றவர்களே இன்று 'அரும்பழம்பொருள்' என்று சீட்டொட்டி அதே பெட்டிகளின் விலையை ஏற்றுகிறார்கள். நாங்கள் இதற்குக் கைதட்டப் போவதில்லை. பழையது என்பதால் மட்டும் எதுவும் நல்லதாகிவிடாது. எழுபதுகளிலும் குப்பை செய்தார்கள். வால்வு வேதம் போய் ரான்சிஸ்ரர் வேதம் வந்தால் ஐந்தாம் மாடிப் பெடியனுக்கு என்ன லாபம்? முன்பு வெட்கத்தால் வாங்காமல் விட்டான், இனி விலையால் வாங்காமல் விடுவான்.

நாங்கள் கேட்பது சின்ன விடயம். பெட்டியின் பெயரைப் பார்க்குமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டுக் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்.

அந்தப் பெடியனுக்கு இந்தக் கோடையில் ஒரு பழைய ரான்சிஸ்ரர் பெட்டியைத் தேடிக் கொடுத்திருக்கிறோம். திருத்தியது நாங்களேதான். இன்னும் அவன் செருகவில்லை. செருகும் நாளில் சிரிக்காமல் இருப்பதற்கு நாங்கள் பழகிக்கொண்டிருக்கிறோம்.