கெர்னலுக்குள் யாரை விடலாம்?



பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தந்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். சில ஆன்லைன் விளையாட்டுகள், கள்ளாட்டம் ஆடுபவர்களைப் பிடிக்கவென்று கெர்னலுக்குள்ளேயே ஒரு டிரைவரை நிறுவுகின்றன. பிள்ளைகளும் படித்துப் பார்க்காமல் 'யெஸ்' அழுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், நினைவகம், டிஸ்க், திரை எல்லாம் கெர்னலின் கையில். புதிதாக ஒரு வைஃபை கருவியைச் செருகினால் கெர்னலை முழுவதும் மறுபடி உருவாக்க வேண்டியதில்லை. அதற்கான மாட்யூலை மட்டும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றலாம், வேலை முடிந்தால் இறக்கலாம். அருமையான ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் உள்ளே போன மாட்யூல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை. கெர்னலுக்குள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு. சாதாரண புரோகிராம் தவறினால் அது மட்டும் நின்றுபோகும். மாட்யூல் தவறினால் கணினியே விழலாம்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் கெர்னலுக்குள் இருந்தது. அதற்கு வந்த ஒரு அப்டேட் கோப்பில் கோளாறு. அதைப் படித்த டிரைவர், நினைவகத்தில் தனக்குரிய எல்லையைத் தாண்டிப் போனது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஆள் நேரில் போய், ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அதுவாவது பாதுகாப்பு மென்பொருள், உள்ளே இருக்க ஒரு காரணம் சொல்லலாம். விளையாட்டுக்கு என்ன காரணம்?

லினக்ஸில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். மூலநிரலைத் திறந்து காட்டாத மாட்யூலை ஏற்றினால், கெர்னல் தன்னைத் தானே 'டெயின்டெட்' என்று குறித்துக்கொள்ளும். (தீட்டு என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.) அப்புறம் ஏதாவது புகார் என்று போனால், முதலில் அதை இறக்கிவிட்டுச் சோதித்துப் பார் என்பார்கள். இப்போது இபிபிஎஃப் என்ற வழியும் இருக்கிறது. கொடுக்கும் நிரலைச் சரிபார்த்த பிறகே கெர்னல் அதை ஓடவிடும். டிரைவர் எழுதும் வேலையில் இருக்கும் என் மாணவர்கள், வெளியிலிருந்தே முடிகிற வேலைக்கு எதற்கு மாட்யூல் என்று உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள்.

வீட்டில் பிள்ளை பிடிவாதம் பிடித்தால், அந்த விளையாட்டுக்குப் பழைய கணினி ஒன்றை ஒதுக்குங்கள். பேங்க் கணக்கு பார்க்கும் கணினியில் மட்டும் வேண்டாம்.