குறை உங்கள் கணினியில் இல்லை



சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும், விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக் கணினியில் அலுவலகத் தளத்தைத் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வருகிறது. மேக்கோ லினக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அலுவலகத்தில் கேட்டால், "உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ பிரச்சினை" என்று முடித்துவிடுகிறார்கள். அதை நம்பிப் புதுக் கணினி வாங்கக் கிளம்புகிறவர்களுக்காகவே இந்தப் பக்கம்.

பெரும்பாலும் குறை தளத்தில்தான் இருக்கிறது. 2000களில் பல அலுவலகத் தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரை மட்டும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டன. அவற்றில் பல, விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை மென்பொருளை நம்பியிருந்தன. சில, பிரவுசருக்குள் இயங்கும் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரலை நம்பின. 2015இல் குரோம் ஆப்லெட்டுகளைக் கைவிட்டது. 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10இல் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்டே நிறுத்திக்கொண்டது. தளங்கள் மட்டும் மாறவில்லை.

ஒரு நாடே இப்படிச் சிக்கிக்கொண்டதும் உண்டு. வலுவான குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை வைத்திருந்த காலத்தில், தென்கொரியா 'சீட்' என்ற சொந்தக் குறியாக்க முறையை உருவாக்கியது. பிரவுசர்களில் அது இல்லாததால் ஆக்டிவ்எக்ஸ் வழியாகச் சேர்த்தார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் வங்கி, வரி, இணையக் கடை என எல்லாமே விண்டோஸுக்குள் அடைபட்டன. 2014இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டை வாங்க ஆசைப்பட்ட சீன ரசிகர்களால் கொரியத் தளங்களில் பணம் கட்ட முடியவில்லை. இதை அந்நாட்டு அதிபரே வெளிப்படையாகக் குறைசொன்னார். இந்த ஏற்பாட்டின் அச்சாணியாக இருந்த அரசு அங்கீகரித்த மின்னணு அடையாளச் சான்றிதழின் தனி உரிமை 2020 டிசம்பரில்தான் நீங்கியது. நல்ல பொறியாளர்கள் நிறைந்த நாட்டுக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

உங்களுக்கு என்ன வழி? விண்டோஸ் என்றால் எட்ஜ் பிரவுசரின் அமைப்புகளில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறை' இருக்கிறது. அதை இயக்கி அந்தத் தளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 நாளில் அந்தச் சேர்க்கை காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். குறைந்தது 2029 வரை இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், வேலை அலுவலகத்துடையது. ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து பழைய ஜாவாவையோ பழைய பிரவுசரையோ மட்டும் இறக்கி நிறுவாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் திறக்கிறது.

நம் வாசகர்களில் அலுவலகத் தளங்களுக்கு ஒப்பந்தம் போடும் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும், கைப்பேசியிலும் தளம் வேலை செய்தால்தான் கடைசித் தவணைப் பணம்.

அன்புடன்,
ஆசிரியர்