வாடகைக்குப் போன் நம்பர்! முகமூடி வியாபாரத்துக்கு முடிவு கட்டுவது யார்?

"அம்மா, என் போன் தண்ணியில விழுந்துடுச்சு. இது புது நம்பர். அவசரமாப் பணம் வேணும், உடனே அனுப்பு."

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது. பெற்ற மனம் பதறுகிறது. பிள்ளை எங்கோ தவிக்கிறான் என்று எண்ணி, கையில் இருந்ததை எல்லாம் அனுப்பி விடுகிறாள் தாய். மாலையில் பிள்ளை வீட்டுக்கு வருகிறான். அவன் போன் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது!

ஐரோப்பாவில் எத்தனையோ பெற்றோரை இப்படி மொட்டை அடித்திருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்தால், முதலில் கேட்பது நம்பரைத்தான். அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால், கடைசியில் நிற்பது சம்பந்தமே இல்லாத வேறு ஒரு ஆசாமி. பணத்தைச் சுருட்டியவன் அந்த நம்பரைச் சில நிமிடங்களுக்கு வாடகைக்கு எடுத்தவன். காரியம் முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

வீடு வாடகைக்குக் கிடைக்கும், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இப்போது போன் நம்பரும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வாங்கும் நேரத்துக்கு!

40 ஆயிரம் சிம் கார்டு

2025-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, லாத்வியா நாட்டில் இந்த வியாபாரத்தின் குட்டு உடைந்தது. லாத்வியா, எஸ்தோனியா, ஆஸ்திரியா நாட்டுப் போலீசாரும் யூரோபோல் அமைப்பும் கைகோத்து நடத்திய வேட்டை அது. 26 இடங்களில் சோதனை. 7 பேர் கைது. அதில் 5 பேர் லாத்வியா நாட்டுக்காரர்கள்.

உள்ளே நுழைந்த போலீசாருக்கே தலை சுற்றியிருக்கும். 'சிம் பாக்ஸ்' என்ற எந்திரங்கள் 1,200. அவற்றில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்த சிம் கார்டுகள் 40 ஆயிரம். அவை தவிர, லட்சக்கணக்கில் வேறு சிம் கார்டுகள். எல்லாம் 80-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்களின் பெயரில் பதிவானவை!

இந்த நம்பர்களை வைத்து உலகம் முழுக்கத் திறக்கப்பட்ட கணக்குகள் 4 கோடியே 90 லட்சத்துக்கு மேல் என்கிறது யூரோபோல். ஆஸ்திரியாவில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்ட மோசடிகள், லாத்வியாவில் 1,500. ஆஸ்திரியாவில் பறிபோன தொகை சுமார் 45 லட்சம் யூரோ. லாத்வியாவில் 4 லட்சத்து 20 ஆயிரம் யூரோ. பிள்ளை பேரைச் சொல்லிப் பணம் பறிப்பது, போலிக் கடை, போலி பாங்க், போலி முதலீடு, போலிப் போலீஸ் என்று இந்த நம்பர்களை வைத்து நடக்காத அக்கிரமம் இல்லை.

எந்திரம் இதற்கு மட்டும்தான் பயன்படும் என்பதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரைச் சுற்றி 300-க்கும் மேற்பட்ட சிம் சர்வர்களையும், 1 லட்சம் சிம் கார்டுகளையும் அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் படை கைப்பற்றியது. அங்கே நடந்தது உயர் அதிகாரிகளுக்கு விடப்பட்ட மிரட்டல் பற்றிய விசாரணை.

வித்தை இதுதான்

வித்தை ரொம்பச் சின்னது. புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினால், கம்பெனிக்காரன் போனுக்கு ஆறு எண் கொண்ட ஓ.டி.பி. அனுப்புகிறான். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். 'போன் வைத்திருப்பவன் நிஜ மனுஷன், ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு நம்பர்தான் இருக்கும்' என்பது கம்பெனிக்காரன் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கை உடைத்தவன்தான் வாடகைக்காரன். சிம் பாக்சில் நூற்றுக்கணக்கான சிம் கார்டுகளைச் செருகி, கம்ப்யூட்டரோடு இணைத்து விடுகிறான். காசு கட்டியவனுக்கு ஒரு நம்பர் காட்டுகிறான். அந்த நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யை அவனுக்குத் தள்ளி விடுகிறான். வேலை முடிந்தது. அடுத்த ஆள்!

சிம் கார்டே இல்லாமல் கம்ப்யூட்டர் மூலம் ஓடும் நம்பரும் உண்டு. இன்னொரு வழி அதைவிட மோசம். மலிவு போன்களுக்குள் வைரசைப் புகுத்தி, போனின் சொந்தக்காரருக்குத் தெரியாமலே அவர் நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யைத் திருடி விற்கும் கும்பலை 2022-ல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அதாவது, நம்பரை வாடகைக்கு விட்ட விஷயமே நம்பர்காரருக்குத் தெரியாது!

விலையைக் கேட்டால் இன்னும் அதிர்ச்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் இந்தச் சந்தையின் விலைப் பட்டியலைத் தொகுத்தார்கள். ஒரு போலிக் கணக்கை உறுதிப்படுத்த பிரிட்டன் நம்பருக்குச் சுமார் 10 அமெரிக்க சென்ட். அமெரிக்க நம்பருக்குச் சுமார் 26 சென்ட். ஜப்பான் நம்பருக்கு மட்டும் ஏறக்குறைய 5 டாலர்! ஜப்பானில் சிம் கார்டு வாங்குவது அவ்வளவு சுலபம் அல்ல. சட்டம் கறாராக இருக்கும் இடத்தில் திருட்டுச் சரக்கின் விலை ஏறுகிறது. கண்டும் காணாமல் விட்ட இடத்தில் டீக் காசுக்குக் கிடைக்கிறது. இதில் இருக்கிற பாடம் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

வாடகைக்கு எடுப்பவர் எல்லாம் திருடரா?

இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழைய பீரோவை விற்க ஒரு பெண் விளம்பரம் கொடுக்கிறாள். நம்பர் போட்டால்தான் விளம்பரம் ஏறும். மறுநாளில் இருந்து பாதி ராத்திரியில் போன் அடிக்கிறது. பீரோவைப் பற்றி யாரும் கேட்பதில்லை! அடுத்த தடவை அவள் தன் நம்பரைக் கொடுக்கத் தயங்குவாளா, மாட்டாளா?

ஜவுளிக் கடையில் ஒரு துண்டு வாங்கினாலும், மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினாலும் கல்லாவில் கேட்கிற முதல் கேள்வி, "நம்பர் சொல்லுங்க சார்!" எதுக்குப்பா என்று கேட்டால், "சிஸ்டம் கேக்குது சார், நம்பர் போடாம பில்லு வராது." அன்றைக்குச் சாயந்தரத்தில் இருந்து "லோன் வேணுமா சார்?" என்று கிளம்பி விடுகிறார்கள்.

நம்பரைக் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுரை சொன்னது. கல்லாவில் அந்தக் கேள்வி இன்னும் நிற்கவில்லை. தன் நம்பரை மறைக்க ஜனங்கள் குறுக்கு வழி தேடினால், அந்த வழிக்குத் தள்ளியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் குறுக்கு வழி குழியில் தள்ளும்

நல்ல எண்ணத்தோடு போகிறவருக்கும் வாடகை நம்பர் ஆபத்துத்தான்.

இலவசமாக நம்பர் தருகிறோம் என்று சில தளங்கள் கூவி அழைக்கின்றன. அங்கே வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் பொதுவில் விழும். தெருமுனைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்றைக்கு உங்கள் ஓ.டி.பி. அங்கே வந்தால், நாளைக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று வேறு ஒருவன் அதே நம்பரில் புது ஓ.டி.பி. வாங்கி உங்கள் கணக்குக்குள் குடியேறி விடுவான். காசு கொடுத்து எடுத்த நம்பரும் அப்படித்தான். தவணை முடிந்ததும் அது அடுத்தவன் கைக்குப் போகும். உங்கள் கணக்கின் சாவியும் கூடவே போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கம்பெனிகள் முறைப்படி மறுபடி விற்கும் பழைய நம்பரிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2021-ல் இப்படி 259 நம்பர்களைச் சோதித்தார்கள். 171 நம்பர்கள் முந்தைய சொந்தக்காரர்களின் கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டு இருந்தன! இந்தியாவில் துண்டித்த நம்பரை 90 நாள் கழித்துத்தான் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் டிராய் அமைப்பு சொன்ன கணக்கு இது. முறையாகக் கொடுக்கும் நம்பருக்கே 90 நாள் இடைவெளி வேண்டியிருக்கிறது. வாடகைக்காரனிடம் 90 விநாடி இடைவெளியாவது இருக்குமா?

பெருவிரலை ரெண்டு தடவை வைக்கச் சொன்னால் உஷார்!

லாத்வியா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. சிம் பாக்சுக்குத் தீனி சிம் கார்டு. அந்தச் சிம் கார்டு யாரோ ஒருவர் பெயரில்தான் வாங்கப்பட வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

சில கில்லாடி ஏஜெண்டுகளின் கைவரிசை இது. சிம் கார்டு வாங்கப் போனால் விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். வைத்ததும், "சரியா விழலைங்க, இன்னொரு தடவை வையுங்க" என்பார்கள். முதல் தடவை விழுந்தது உங்கள் சிம்முக்கு. இரண்டாவது தடவை விழுந்தது உங்கள் பெயரில் வேறு எவனுக்கோ! போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் விஷயமே தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோசடி செய்தோ, ஆள் மாறாட்டம் செய்தோ சிம் கார்டு வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். ஒருவர் பெயரில் 9 இணைப்புக்கு மேல் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பத்து நிமிட வேலை. இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. பணம் பறிபோய்விட்டால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

2025 நவம்பர் 28-ந் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. எந்தச் சிம்மைக் காட்டிக் கணக்குத் தொடங்கினார்களோ, அந்தச் சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவை வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வாடகை நம்பர்காரனின் அடிமடியில் கை வைக்கும் உத்தரவுதான். ஆனால் அதே உத்தரவில், கம்ப்யூட்டரில் ஓடும் வாட்ஸ்அப்பை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆர்டர் எடுக்கும் சின்ன வியாபாரிக்கு இது பெரிய தலைவலி. எலிக்குப் பொறி வைக்கும்போது வீட்டுக்காரன் கால் அதில் மாட்டக் கூடாது.

எஸ்.எம்.எஸ். ஒரு பூட்டே அல்ல

அடிப்படைத் தப்பு எங்கே இருக்கிறது? எஸ்.எம்.எஸ். என்பது சேதி சொல்ல வந்தது. அதைப் பூட்டாக்கியது பிற்பாடு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2017-லேயே எஸ்.எம்.எஸ். வழிச் சோதனையைக் கட்டுப்பாட்டுக்கு உரியதாக வகைப்படுத்தி எச்சரித்து விட்டது. இன்டர்நெட்டில் கார்டு வழியாகப் பணம் செலுத்த இரண்டாவது சோதனை கட்டாயம் என்று 2009 ஆகஸ்டில் கொண்டு வந்த ரிசர்வ் வங்கியும், 2025 செப்டம்பரில் புது விதிகளை வெளியிட்டது. எஸ்.எம்.எஸ். மட்டுமே கதி என்று இருக்க வேண்டாம், வேறு முறைகளும் வரலாம் என்று வழி விட்டு, 2026 ஏப்ரல் 1-ந் தேதியை அமலுக்கு வரும் நாளாகக் குறித்தது.

பாங்க் விஷயத்தில் விழிப்பு வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளுக்கு எப்போது வரும்?

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: மொத்தம் மொத்தமாகச் சிம் கார்டை வெளியே விடும் ஏஜெண்டைப் பிடித்தால், அவனோடு நிறுத்தக் கூடாது. அத்தனை சிம்மை ஒரே ஆள் வழியாக விற்க விட்ட கம்பெனியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

இரண்டு: சிம் பாக்ஸ் எந்திரம் யார் கைக்குப் போகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். நூற்றுக்கணக்கான சிம் செருகும் பெட்டி எந்த வீட்டுக்கும் தேவைப்படாது.

மூன்று: பில் போட நம்பர் கேட்கும் கடைக்காரர்களுக்கு அறிவுரை போதும். இனி அபராதம் போட வேண்டும்.

நான்கு: விளம்பரம் கொடுக்கவும், வரன் தேடவும் வருகிறவர்களின் நம்பரை ஊருக்கெல்லாம் காட்டாமல், நடுவில் நின்று இணைத்துவிடும் வசதியைக் கம்பெனிகளே செய்து தர வேண்டும். நியாயமாக மறைக்க வழி இருந்தால், வாடகைக்காரன் வாசலுக்கு யார் போகப் போகிறார்கள்?

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. புது நம்பரில் இருந்து பிள்ளை பணம் கேட்டால், பழைய நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். குரலைக் கேட்ட பிறகு பணத்தைத் தொடுங்கள்.

லாத்வியாவில் பிடிபட்டது ஒரு கும்பல். அதற்கே 40 ஆயிரம் சிம் கார்டு, 4 கோடியே 90 லட்சம் கணக்கு. பிடிபடாத கும்பல்கள் இன்றைக்கும் கடை திறந்துதான் வைத்திருக்கின்றன. அந்தக் கடைக்குச் சரக்கு போகும் வழியை அடைக்க வேண்டியவர்கள் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இன்னொரு தாய் ஏமாந்த பிறகுதான் விழிப்பார்களா?