"ஃபார்மட் போட்டுடலாம் சார்"

என்னைக் கேட்டா, நம்ம ஊர்ல வைரஸ் எல்லாம் சேர்ந்து அழிச்சதை விட இந்த ஒரு வாக்கியம் அழிச்சதுதான் அதிகம்னு சொல்வேன். பாட்டு கேக்கலையா, ஃபார்மட். பொட்டி மெதுவா ஓடுதா, ஃபார்மட். ஒரே ஒரு ஃபைல் டெலீட் ஆக மாட்டேங்குதா? அட, அதுக்கு ஃபார்மட்டேதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. கொளுத்தினதுக்கு ஐநூறு ரூபா கூலி வேற.

அழிய மாட்டேன்னு ஒரு ஃபைல் அடம் பிடிச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாம கடப்பாரையைத் தூக்கறவங்க மேலதான் எனக்குக் கடுப்பு. கடையில உக்காந்திருக்கற தம்பிங்க மட்டும் இல்ல, "இந்த சாஃப்ட்வேரைப் போட்டு ஒரே க்ளிக்ல தூக்கிடுங்க பாஸ்"னு டிப்ஸ் குடுக்கற நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களும் இதுல சேர்த்திதான்.

பெரும்பாலான நேரம் அந்த ஃபைலுக்கு ஒரு நோவும் இருக்காது. வேற ஏதோ புரோகிராம் அதைத் திறந்து வச்சுகிட்டு இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்பி காலத்துல ஏவிஐ படங்களை எக்ஸ்ப்ளோரரே திறந்து பிடிச்சு வச்சுகிட்டு, "யாரோ உபயோகிக்கிறாங்க, அழிக்க முடியாது"ன்னு நம்மகிட்டயே சொல்லும் :-) லினக்ஸ்ல இந்தச் சண்டை கிடையாது. அங்க அழிச்சா பேர் மட்டும் உடனே போயிடும். திறந்து வச்சிருக்கற கடைசி புரோகிராம் மூடினப்புறம்தான் உள்ள இருக்கற டேட்டா போகும். விண்டோஸ்ல யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பாக்க ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இருக்கு (மைக்ரோசாஃப்ட் 2006ல வாங்கின சிஸ்இன்டர்னல்ஸ் ஆளுங்க எழுதினது). 2022ல பவர்டாய்ஸ்ல ஃபைல் லாக்ஸ்மித்னு ஒண்ணு சேர்த்தாங்க, அதுவும் ஓசிதான். இது ரெண்டும் இருக்கறப்போ அன்லாக்கர் எதுக்குங்க? அதோட பிந்தைய வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணினா கூடவே ஒரு டூல்பாரும் வந்து உக்காந்துக்கும். ஒரு ஃபைலைத் துரத்தப் போயி வீட்டுக்குள்ள ஆளை விட்ட கதை.

சில நேரம் பேருதான் வில்லன். "கான்ங்கற பேர்ல ஃபோல்டர் உருவாக்கவே முடியாது, ஒரு இந்தியர் கண்டுபிடிச்சார், மைக்ரோசாஃப்ட்டுக்கே பதில் தெரியல"ன்னு ஒரு ஃபார்வர்ட் மெயில் இரண்டாயிரங்கள்ல நாடு பூரா சுத்துச்சு. மர்மமாவது மண்ணாவது! கான்னா கன்சோல். 1981ல வந்த முதல் டாஸ்ல ஃபோல்டர்ங்கற சமாச்சாரமே கிடையாது, அதனால கருவிங்களோட பேரை எல்லா இடத்துக்கும் பொதுவா ஒதுக்கி வச்சாங்க. பழைய புரோகிராம்கள் படுத்துடக் கூடாதுன்னு அந்தப் பாரத்தை விண்டோஸ் சுமந்துகிட்டே வந்துச்சு. நம்ம தமிழ்ப் பேருக்கும் ஒரு சோதனை உண்டு. ஃபேட் பென் டிரைவை யூடிஎஃப்-8 சொல்லாம லினக்ஸ்ல மவுண்ட் பண்ணினா "அம்மா கல்யாண ஃபோட்டோ" எல்லாம் வெறும் கேள்விக்குறியாத் தெரியும். அழிச்சாலும் "அப்படி ஒரு ஃபைலே இல்லை"ன்னு பதில் வரும். ஃபைல் குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கு, பேரைப் படிக்கத்தான் ஆள் இல்லை. அதையும் "கரப்ட் ஆயிடுச்சு சார்"னு சொல்லி ஃபார்மட் போட்டவங்க இருக்காங்க.

இனி நிஜமாவே கெட்டுப் போன ஃபைலுக்கு வருவோம்.

செவ்வாய்ப்பேட்டையில எங்க மாமாவுக்குச் சின்னதா ஒரு வெள்ளிப்பட்டறை. எந்த வீட்டுக்கு எத்தனை கிராம் வெள்ளி போச்சு, எத்தனை ஜோடி கொலுசு திரும்பி வந்துச்சு, சேதாரம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எல்லாம் எக்செல்ல போட்டு ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல வச்சிருந்தார். போன வருஷம் அதுல ஒரு பழைய ஃபைல் "சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை"ன்னு சொல்லி அழிய மறுத்துச்சு. ஒரே ஒரு ஃபைல்! மத்ததெல்லாம் சமத்தாத் திறந்துச்சு. பக்கத்துல ஒரு கடைக்குக் கொண்டு போனார். மந்திர வாக்கியம் வந்துச்சு. "சுத்தமா இருக்கட்டும்"னு அந்தத் தம்பி ஃபுல் ஃபார்மட்டே போட்டுட்டார்.

எக்ஸ்பி வரைக்கும் ஃபுல் ஃபார்மட் போட்டாலும் பழைய டேட்டா மேல எதுவும் எழுதாது. விஸ்டாவுல இருந்து டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதித் தொலைக்கும். குயிக் ஃபார்மட்டா இருந்திருந்தா டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் வச்சு பாதியாவது தோண்டி எடுத்திருக்கலாம். சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து வந்து பாத்தேன், தோண்ட ஒண்ணுமே இல்ல. வீட்டுல உக்காந்து கொலுசுக்குப் பத்த வைக்கற அக்காங்களுக்கு எட்டு மாசக் கூலி பாக்கி வாய்க்கணக்காப் போச்சு. அவங்க சொன்னதை மாமா ஒத்துகிட்டார், மாமா சொன்னதை அவங்க ஒத்துகிட்டாங்க. மனுசங்க நல்லவங்களா இருந்ததால தப்பிச்சுது.

அந்த ஃபைல் ஏன் மறுத்துச்சு தெரியுமா? டெலீட்னா உள்ள இருக்கறதைத் துடைக்கறது இல்லைங்க. விஏஓ ஆபீஸ் பதிவேட்டுல ஒரு வரியை அடிச்சுட்டு "இந்த இடம் காலி"ன்னு எழுதற மாதிரி. ஒரே சர்வே நம்பர் ரெண்டு பேர் பட்டாவுல இருந்தா? ஒருத்தர் பேரை அடிச்சு காலின்னு எழுதினா, இன்னொருத்தர் குடியிருக்கற இடத்தையும் மூணாவது ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பதிவேடு குழம்பியிருக்குன்னு தெரிஞ்சதும் "கை வைக்க மாட்டேன்"னு சொல்ற விண்டோஸ்தான் அங்க இருந்தவங்கள்லயே பொறுப்பான ஆளு.

அப்ப என்ன செய்யணும்? அழியாத ஃபைலை விட்டுத் தள்ளிட்டு, திறக்கற ஃபைலை எல்லாம் முதல்ல வேற டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கணும். டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டாலோ, ஸ்மார்ட் எச்சரிக்கை வந்தாலோ லினக்ஸ்ல டிடி-ரெஸ்க்யூ போட்டு முழு டிஸ்க்கையும் பிம்பமா எடுத்துடணும். அதுக்கு அப்புறம்தான் செக்டிஸ்க். செக்டிஸ்க்கையும் கண்ணை மூடிகிட்டு ஓட்டக் கூடாது. அதுக்குப் பதிவேடு சரியாகணும், உங்க கணக்கு மிஞ்சுதா இல்லையாங்கறது அதோட கவலை இல்லை. பிடி கிடைக்காத துண்டுகளை ஃபவுண்ட்ங்கற ஃபோல்டர்ல பேரில்லாமக் கொட்டிட்டுப் போயிடும். அது முடிஞ்சா அந்த அடங்காத ஃபைல் பெரும்பாலும் தானா அழிஞ்சுடும். எஸ்எஸ்டி வச்சிருக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். அதுல குயிக் ஃபார்மட் போட்டாலே ட்ரிம் கட்டளை போயிடும், திரும்பி வரும்னு நம்பவே முடியாது.

"ஐநூறு ரூபாய்க்கு மூணு மணி நேரம் உக்காந்து காப்பி எடுக்க முடியுமா சார்?"னு அந்தக் கடைத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான், வாடகை குடுக்கணும்ல. ஆனா "காப்பி எடுக்க ஆயிரம் ஆகும், எடுக்கட்டுமா வேணாமா?"ன்னு கேக்க மூணு மணி நேரம் ஆகாதே தம்பி. கேட்டிருந்தா மாமா பேரம் பேசி எண்ணூறாவது குடுத்திருப்பார்.