விரலில் மாட்டும் கிளிப்பும் நம் உரிமைப் பிரச்சினைதான்

அரசு மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு வந்தால் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வரவில்லை என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மானிட்டரைப் பற்றியும், அதிலிருந்து நோயாளியின் விரலுக்கு வருகிற வயரைப் பற்றியும் நாம் பேசுவதே இல்லை. அது டெக்னீஷியன் வேலை, நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். அந்த வயரிலும் அரசியல் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தறி, கரும்பு, மாந்தோப்பு, கூலி வேலை. மூச்சுத்திணறலோடு வருகிற ஒருவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, திருத்தணிக்கு அனுப்புவதா, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதா, சென்னைக்கே அனுப்புவதா? இந்த முடிவைப் பெரும்பாலும் ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு சதவீதம் என்று விரல் கிளிப் காட்டுகிற எண். கொரோனா இரண்டாம் அலையில் இந்த எண்ணின் அதிகாரத்தை எல்லோரும் பார்த்தோம். 2021இல் ஒன்றிய அரசு கொடுத்த சிகிச்சை வழிகாட்டுதலில் 90 முதல் 93 வரை இருந்தால் நடுத்தர பாதிப்பு, 90க்குக் கீழே போனால் தீவிர பாதிப்பு. யாருக்குப் படுக்கை, யாருக்கு 'வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க' என்பதை ஒன்றிரண்டு புள்ளிகள் முடிவு செய்தன.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் இருந்த தகுவோ அவோயாகி 1974இல் உருவாக்கிய முறை இது. கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு சிறு விளக்குகள். ஒன்று சிவப்பு ஒளி, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் சென்சார். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் ஏறி இறங்குகிற ஒளியின் விகிதத்தை மானிட்டர் கணக்கிடும்.

முக்கியமான இடம் இனிமேல்தான். அந்த விகிதம் நேரடியாக ஆக்சிஜன் அளவு ஆகிவிடாது. நிறுவனம் முன்கூட்டியே ஆரோக்கியமான சிலரைப் படுக்கவைத்து, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே வந்து, தமனி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, இந்த விகிதத்துக்கு இந்தச் சதவீதம் என்று ஒரு அட்டவணை போட்டிருக்கும். நம் விரலில் மாட்டிய கிளிப் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் 96 என்றோ 91 என்றோ சொல்கிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அட்டவணை போடுவதற்குப் படுத்தவர்கள் யார்?

அமெரிக்காவில் 2013 முதல் இருந்த வழிகாட்டுதலின்படி பத்துப் பேரைச் சோதித்தால் போதும். அதில் கருத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். இதன் விளைவை 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதம். வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம்தான். ஏறத்தாழ மூன்று மடங்கு. உள்ளே மூச்சுக்குப் போராடுகிற உடம்பை 'நன்றாக இருக்கிறது' என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது. 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், கொரோனா நோயாளிகளில் ஆசியர்களுக்கும் இந்த மிகைக்காட்டல் இருப்பதையும், கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி நோயாளிகளுக்குச் சிகிச்சைத் தகுதி தாமதமாகவே கண்டறியப்பட்டதையும் காட்டினார்கள். கருத்த தோலில் அளவு பிசகுகிறது என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள் என்பதுதான் இதில் வேதனை. 2025 ஜனவரியில்தான் அமெரிக்க எஃப்டிஏ, குறைந்தது 150 பேரை, எல்லாத் தோல் நிறங்களிலும் சோதிக்க வேண்டும் என்று வரைவு வழிகாட்டுதல் கொண்டுவந்தது.

இதை அப்படியே எடுத்து 'நாம்தான் இந்தியாவின் கறுப்பர்கள்' என்று ஒட்டிவிடக் கூடாது. தோழர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். சாதி என்பது இன வேறுபாடு அல்ல என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் வாதிட்டுவிட்டார். தோல் நிறத்தைப் பார்த்துச் சாதியைச் சொல்ல முடியாது. கருத்த தோல் தமிழ்நாட்டில் எல்லாச் சாதியிலும் இருக்கிறது. பிறகு இது எப்படி நம் பிரச்சினை?

பிழை எல்லோருக்கும் பொது, பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதி பொது அல்ல என்பதால். தனியார் மருத்துவமனையில் சந்தேகம் வந்தால் உடனே தமனி ரத்தத்தை எடுத்து ஏபிஜி பரிசோதனை செய்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிளிப் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வெயிலில் கரும்பு வெட்டுகிறவர், சூளையில் கல் அறுக்கிற இருளர் சமூகத்து அம்மா, சாயம் ஏறிய விரலோடு வருகிற தறிக்காரர் எல்லோரும் அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் வீடு திரும்புகிறார்கள். மருதாணி, நகச்சாயம், குளிர்ந்த விரல், ரத்த ஓட்டம் குறைந்த விரல் எல்லாமே கணக்கைக் குழப்பும்.

இன்னொன்றும் உண்டு. கிளிப் காட்டுவது ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை மட்டும். ஹீமோகுளோபினே பாதிதான் இருக்கிறது என்றால் அது சொல்லாது. பத்து வண்டி ஓட வேண்டிய இடத்தில் ஐந்து வண்டி ஓடினாலும், ஐந்திலும் ஆள் நிரம்பியிருந்தால் '100 சதவீதம்' என்றே காட்டும். தேசிய குடும்ப நல ஆய்வு-5இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வறுமையும் ஓய்வில்லாத உழைப்பும் சேர்ந்த குடும்பங்களில் இது எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, பிளக். மானிட்டரை வாங்கிவிட்டார்கள், திறப்பு விழாவும் நடந்துவிட்டது. ஆறு மாதத்தில் கிளிப் உடைகிறது, வயர் நைந்துபோகிறது. நான் போய்ப்பார்த்த ஒரு அரசு மருத்துவமனையில் மானிட்டர் பளபளவென்று இருந்தது, விரல் கிளிப்பைப் பிளாஸ்திரி போட்டுச் சுற்றி வைத்திருந்தார்கள். வேறு கம்பெனி கிளிப்பை மாட்டலாமே என்றால், செருகும் இடமே பொருந்தாது.

இது தற்செயல் அல்ல. இதற்கு ஒரு வரலாறு உண்டு. நெல்கோர் என்ற பிராண்டின் சென்சார் பிளக்குக்குள் ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். தன்னிடம் இருக்கும் விளக்கு எந்த அலைநீளம் என்பதை மானிட்டருக்கு அதுதான் சொல்லும். அதன் காப்புரிமை 2003 நவம்பரில் முடிய இருந்தது. முடிந்தால் மற்ற கம்பெனிகள் மலிவாகச் செய்து விற்கலாம். அதை ஒட்டி நெல்கோரை வைத்திருந்த டைக்கோ நிறுவனம், சென்சாருக்குள் மெமரி சிப் வைத்த புது வகையைக் கொண்டுவந்தது. புது மானிட்டர்களில் பழைய வகைப் பொதுச் சென்சார்கள் வேலை செய்யவில்லை. வாங்குகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். புது வடிவமைப்பு ஒரு மேம்பாடு என்றால் அதைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது என்று 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மானிட்டரை ஒருமுறை விற்கலாம், சென்சாரை ஆயுள் முழுக்க விற்கலாம் என்பதுதான் வியாபாரம்.

'அப்படியானால் அடாப்டர் போட்டு எந்தக் கிளிப்பையும் மாட்டிவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது. பிளக் பொருந்திவிட்டால் எண் சரியாக வரும் என்று அர்த்தமில்லை. விளக்கின் அலைநீளம் சற்று மாறினாலும் மானிட்டர் தப்பான அட்டவணையைப் பார்த்து, தைரியமாக ஒரு எண்ணைச் சொல்லும். காசு உள்ளவனுக்கு அசல் சென்சார், நமக்கு ஏதோ ஒன்று என்பது தீர்வல்ல. எந்த மானிட்டரோடு எந்தச் சென்சார் சோதித்து உறுதி செய்யப்பட்டது என்ற விவரம் வெளிப்படையாக இருக்க வேண்டும். அப்படிச் சோதித்த சென்சார்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் கிடைக்க வேண்டும்.

இதைச் செய்ய நமக்கு வலு இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கே மொத்தமாகக் கொள்முதல் செய்து மருந்து விலையைக் குறைத்துக்காட்டி, மற்ற மாநிலங்களும் பின்பற்றிய அமைப்பு. இவ்வளவு பெரிய வாங்குபவர் டெண்டரில் ஒரு நிபந்தனை போட்டால் கம்பெனிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பல்ஸ் ஆக்சிமீட்டர் உட்பட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு போட்டது. விலையில் தலையிட முடிந்த அரசால் துல்லியத்திலும் தலையிட முடியும்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, மானிட்டர் டெண்டரிலேயே ஐந்து ஆண்டுகளுக்கான சென்சார், வயர் விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு, கருத்த தோல் உள்ள எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்ற அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்று, எண் நன்றாக இருந்தாலும் நோயாளி மூச்சு வாங்கினால் மேல்சிகிச்சைக்கு அனுப்பு என்ற விதியை ஒவ்வொரு வார்டிலும் தமிழில் ஒட்ட வேண்டும். நான்கு, இரவில் ஆள் இல்லாத நேரத்தில் கழன்ற கிளிப்பை மாட்டிவிடுகிற ஒப்பந்தப் பணியாளர் அக்காக்களுக்கு, பெரும்பாலும் நம் காலனிகளிலிருந்து வருகிறவர்களுக்கு, முறையான பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். வேலையைச் செய்யவைத்துவிட்டு 'துப்புரவு' என்று மட்டும் எழுதுவது பழைய சாதித் தந்திரம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். மானிட்டர்கள் எத்தனை, அதில் வேலை செய்யும் ஆக்சிஜன் சென்சார் எத்தனை, கடைசியாகச் சென்சார் வாங்கிய தேதி என்ன, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், ஏபிஜி பரிசோதனை எங்கே செய்கிறீர்கள். இந்த ஐந்து கேள்வி போதும். பதிலை எடுத்துக்கொண்டு நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள், கிராம சபையில் வாசியுங்கள்.

கருவிக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சோதித்தவருக்கும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நம்மைத் தெரியவில்லை. தெரியவைப்பது நம் வேலை.

ஜெய் பீம்.