துக்கம் விசாரிக்க ஒரு தொலைபேசி

ஊரில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் தெருவே அங்கு கூடிவிடும். அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை துக்கத்தில் இருப்பவர்கள் தனித்து விடப்படுவதில்லை.

மும்பையிலோ தில்லியிலோ ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பத்தின் நிலை வேறு. அஸ்தியைக் கரைத்த கையோடு மகன் வேலைக்குப் போயாக வேண்டும்; போகாவிட்டால் கூலி இல்லை. கணவனை இழந்த தாய் பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறாள். உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை. 'முன்பே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பாரோ' என்ற எண்ணம் அவளை அரிக்கிறது. கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன குடும்பங்கள் பல.

இத்தகையோருக்கு உதவ ஒரு வழி உண்டு. 2022 அக்டோபர் 10ந் தேதி மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையே அது. பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' நிலையம் இதற்கு வழிகாட்டுகிறது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள். துக்கம் நோயல்ல, ஆனால் உயிரை வெறுக்கும் அளவுக்கு அது முற்றினால் உதவி அவசியம்.

திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால் இரண்டு குறைகளைக் களைய வேண்டும். இருபது மொழிகளில் சேவை உண்டு என்றாலும், அந்தந்த மாநிலம் தேர்ந்தெடுத்த மொழிகளிலேயே அது நடைபெறுகிறது. அலுவலகத்தில் இந்தியில் பேசிச் சமாளிப்பவரும் தாய்மொழியில்தான் அழுவார். எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும், தமிழ் கேட்பவரைத் தமிழ் தெரிந்தவரோடு இணைப்பது இயலாத காரியமல்ல.

மற்றொன்று, துயரத்தில் மூழ்கியவர் தாமாக எண்ணைச் சுழற்றுவார் என்று காத்திருப்பது வீண். மரணம் நேர்ந்த ஆஸ்பத்திரி, குடும்பத்தாரின் சம்மதத்துடன் அவர்களது எண்ணைப் பெற்று அனுப்பினால், ஆலோசகரே சில வாரங்கள் கழித்து அழைத்து விசாரிக்கலாம். உறவினர் வருகை நின்று, வீடு வெறிச்சோடும் நேரம் அதுதான்.

சவ அடக்கத்துக்கு ஓடோடி வந்து உதவும் தமிழ்ச் சங்கங்கள் அடுத்த மாதமும் ஒருமுறை அந்த வீட்டுக்கதவைத் தட்டட்டும். 14416 என்ற எண்ணையும் எழுதிக் கொடுக்கட்டும். அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்க எந்த உத்தரவும் தேவையில்லை.